பின்வாங்குறதும் ஒரு மூவ்தான்

டர்ன் பேஸ்டு வார் கேம் விளையாடுற பலருக்கும் இந்த எரிச்சல் வந்திருக்கும். எதிரி யூனிட்டை அடி அடின்னு அடிச்சாச்சு. ஆனா அது சாகாம, பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கு. இது பக் இல்ல. டிசைன் பண்ணவங்க யோசிச்சு வச்ச விதி. அது புரிஞ்சா நீங்க விளையாடுற விதமே மாறிடும்.

முதல்ல ஒரு விஷயம். திரையில தெரியுற ஒரு டேங்க், ஒரே ஒரு டேங்க் கிடையாது. அது ஒரு படைப்பிரிவு. 1994-ல வந்த பான்சர் ஜெனரல்லயும், அதே பாணியில 2011-ல வந்த பான்சர் கார்ப்ஸ்லயும் ஒரு யூனிட்டோட வழக்கமான பலம் 10. இந்த எண் குறையக் குறைய, அந்த யூனிட் திருப்பி அடிக்கிற சக்தியும் குறையும்.

எல்லா கேமும் இப்படி இல்ல. இலவசமா கிடைக்கிற பேட்டில் ஃபார் வெஸ்னாத்ல, ஒரே ஒரு ஹெச்.பி. மிச்சம் இருந்தாலும் யூனிட் முழு பலத்தோட அடிக்கும். அடி வாங்கினா தானா பின்வாங்கவும் செய்யாது. நீங்களே அதைக் கூட்டிட்டுப் போய் ஒரு கிராமத்துல நிறுத்தணும். அங்க ஒரு டர்னுக்கு 8 ஹெச்.பி. ஏறும்.

சரி, பான்சர் கார்ப்ஸ்ல யூனிட் எப்போ ஓடும்? அங்க அடிக்கு ரெண்டு வகை விளைவு உண்டு. ஒண்ணு, நிஜ இழப்பு. இன்னொண்ணு சப்ரெஷன்: ஆள் உயிரோடதான் இருக்கான், ஆனா தலையைத் தூக்க முடியல, அதனால சுடவும் முடியல. பீரங்கி அடிச்சா இழப்பு கம்மி, சப்ரெஷன் ஜாஸ்தி. அது அந்த டர்ன் முடியுற வரைக்கும் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எதிரியோட பலம் 10. நம்ம பீரங்கி அடிச்சதுல 1 போச்சு, 5 சப்ரெஸ் ஆச்சு. அப்போ திருப்பிச் சுட மிச்சம் 4 தான். இப்போ காலாட்படையை அனுப்புறோம். அந்த நாலுல 2 போச்சு, 2 சப்ரெஸ் ஆச்சு. உயிரோட இருக்கிறது 7, ஆனா ஏழும் சப்ரெஸ்ல. சண்டை போட ஆளே இல்ல. அந்த நிமிஷம் யூனிட் பின்வாங்கும். அதாவது ஒரு படை தோத்துப்போக எல்லாரும் சாகணும்னு அவசியமில்ல. அதுக்கு முன்னாடியே அது உடைஞ்சிடும்.

இதுல நமக்கு என்ன லாபம்? அது தோண்டி வச்சிருந்த பதுங்குகுழி எல்லாம் பழைய இடத்துலயே போயிடும். அடுத்த அடி வெட்டவெளியில விழும்.

இன்னொரு பெரிய விஷயம், ஓட இடம் வேணும். அறுகோணக் கட்டத்துக்கு ஆறு பக்கம். போகக்கூடிய ஒரு காலிக் கட்டம்கூட இல்லன்னா யூனிட் சரணடையும். மிச்சம் இருக்கிற ஏழும் ஒரே அடியில காலி. அதனால தெரிஞ்சு விளையாடுறவங்க எடுத்தவுடனே அடிக்க மாட்டாங்க. முதல்ல பின்பக்கத்தை அடைப்பாங்க, அப்புறம்தான் பீரங்கி.

இது கற்பனை விதி இல்ல. 1942 நவம்பர்ல ஸ்டாலின்கிராட்ல ஜெர்மனியோட ஆறாவது படையை சோவியத் படைகள் சுத்தி வளைச்சது. நகரத்தை விட்டுப் பின்வாங்க ஹிட்லர் அனுமதி கொடுக்கல. 1943 பிப்ரவரி 2-ம் தேதி கடைசிப் பிரிவும் சரணடைஞ்சது. கைதானவங்க சுமார் 91,000 பேர். அதுல திரும்ப ஊருக்குப் போனவங்க சுமார் 6,000 பேர்தான். கேம்ல நாம 'சரண்டர்'னு ஒரு வார்த்தையில தாண்டிப் போறதுக்குப் பின்னாடி இருக்கிறது இதுதான்.

நம்ம பக்கத்து இழப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. அடிபட்ட யூனிட்ல புது ஆள் சேர்க்கலாம். விலை கம்மி, ஆனா அனுபவம் இல்லாதவங்க வர்றதால யூனிட்டோட மொத்த அனுபவம் நீர்த்துப்போகும். தேர்ந்த ஆட்களைச் சேர்த்தா அனுபவம் குறையாது, ஆனா செலவு அதிகம். பலம் பூஜ்யம் ஆயிடுச்சுன்னா ரெண்டு வழியும் மூடிடும். பல மேட்ச்சா வளர்த்த அனுபவம் மொத்தமும் போயிடும்.

அதனால பலம் 4-ல நிக்கிற பழைய யூனிட்டை 'இன்னும் ஒரு அடி தாங்கும்'னு முன்னாடி நிறுத்தாதீங்க. ஒரு டர்ன் பின்னாடி இழுத்து, ஆள் சேர்த்துட்டு வாங்க. ஒரு நகரம் ரெண்டு டர்ன் லேட்டா கிடைச்சாலும் பரவாயில்ல. அடுத்த மேட்ச்சுக்கு அந்த யூனிட் உங்ககூட வரும்.