பயணிகளின் படங்களும் ஊரவரின் படங்களும்
திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் ஊரின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டு, ஏடு, அரசாங்க அறிக்கை, பத்திரிகை ஆகியவற்றை ஆய்வாளர் நாடுவது வழக்கம். சாதாரண மக்கள் எடுத்தனவும் எடுப்பித்தனவுமான ஒளிப்படங்களை அவ்வாறு நாடுவோர் நம்மிடையே மிகச் சிலரே. பயணி ஒருவர் ஊர் திரும்பித் தம் நண்பருக்குக் காட்டும் படம், கடிதத்தோடு உறவினருக்கு அனுப்பப்படும் திருமணப் படம், அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட முகப்படம் முதலியன வரலாற்று மூலங்கள் என்ற தகுதியை இன்னும் பெறவில்லை. பல திறத்தார் வந்து தங்கிப் படமெடுத்துச் சென்ற இடம் என்ற வகையில், திருகோணமலை இப்பொருளை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஒரு படம் எப்பொழுது சான்றாகிறது, எப்பொழுது வெறுங் காட்சியாக நின்றுவிடுகிறது என்ற வினாவே இக்கட்டுரையின் அடிப்படை.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் அதன் வரலாற்றைப் பெரிதும் நிர்ணயித்தது. போர்த்துக்கேயர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை அமைத்தனர். பின்னர் ஒல்லாந்தரும், 1782 இல் சிறிது காலம் பிரெஞ்சுக்காரரும், 1795 முதல் பிரித்தானியரும் அங்கு ஆட்சி செலுத்தினர். இவர்கள் யாவரும் துறைமுகத்தை நோக்கி வந்தவர்கள். கப்பலிலிருந்து கரையையும், கோட்டையிலிருந்து குடாவையும் பார்த்தவர்கள். கமரா வருவதற்கு முன்னரே வரைபடங்களும் பயண நூல்களும் இப்பார்வையை நிலைபெறச் செய்துவிட்டன. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், சுவாமிமலையின் செங்குத்தான விளிம்பில் நிகழும் வழிபாட்டை விரிவாக வருணித்தார். மலை, கோட்டை, குடா, கப்பல் என்ற நான்கையும் கொண்ட ஒரு சட்டகம் இவ்வாறு உருவாயிற்று. பின்னர் வந்த ஒளிப்படக் கலைஞர் பலர் அந்தச் சட்டகத்தினுள்ளேயே நின்று படமெடுத்தனர்.

ஒளிப்படக் கலை பாரிசில் 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1852 இல், பிரெடெரிக் பீபிக் இலங்கைக் காட்சிகளைப் படமெடுத்து அவற்றுக்குக் கையால் வர்ணமும் தீட்டினார். ஜோசப் லோட்டன் 1870-71 இல் அநுராதபுரம், பொலநறுவை முதலிய இடங்களின் தொல்பொருட்களை அரசாங்கத்துக்காகப் படமெடுத்தார். 1890 இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளைப் படத் தபாலட்டைகளாக்கிப் பெருந்தொகையில் விற்றது. பிரித்தானிய அஞ்சல் துறை 1902 இல் தபாலட்டையின் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறு பாதியில் செய்தியும் எழுத இடமளித்தது. இதனால் முன்புறம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. தாம் சென்ற இடத்தின் காட்சியைத் தொலைவிலுள்ளோருடன் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இவ்வாறு மத்தியதர வர்க்கத்தாருக்கு எளிதில் கைவந்தது.

இத்தகைய வணிகப் படங்களில் இடத்துக்குப் பெயர் இருந்தது; மனிதருக்குப் பெயர் இருக்கவில்லை. 'மீனவர்', 'தமிழ்ப் பெண்', 'சுதேசிகள்' என்னும் பொதுப் பெயர்களே பெரும்பாலும் இடப்பட்டன. இது அக்காலக் கலைஞரின் கவனக்குறைவால் நேர்ந்ததென்று கொள்ளல் பொருந்தாது. திருகோணமலைக்கு வெளியேயுள்ள ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞராக விளங்கிய ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டெனிசனும் விஞ்ஞானிகளான ஹெர்ஷலும் டார்வினும் பெயரோடு நிலைத்துள்ளனர். இலங்கைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் அவர் பெயர் குறித்தே படமெடுத்தார். ஆனால் களுத்துறையில் அவர் எடுத்த விவசாயக் குடும்பப் படமொன்றிலே சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், முதியவர் தமக்கு நூறு வயது என்று கூறினார் என்றும் குறித்திருந்தும், ஒருவர் பெயரேனும் இல்லை. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டிருக்கவும் முடியும். யாருடைய பெயர் பதிவுக்குரியது என்பதைக் காலனித்துவச் சமூக உறவுகள் முன்னதாகவே தீர்மானித்திருந்தன.

கமராவைச் சாதாரண மனிதன் கையில் எடுத்த காலம் அடுத்து வருகிறது. கொடாக் நிறுவனம் 1888 இல் சுருள் படலத்தில் இயங்கும் கமராவையும், 1900 இல் ஒரு டொலர் விலையுள்ள பிரவுணி கமராவையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் பயனை இரண்டாம் உலக யுத்த காலத்துத் திருகோணமலையிற் காணலாம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலையின் இராணுவ முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ஆயிரக்கணக்கான கடற்படையினர் அங்கு வந்து தங்கிச் சென்றனர். கடற்கரையில் நீராடுவதும், கோட்டை வாயிலில் நிற்பதும், பழம் விற்பவரோடு நிற்பதுமான சிறு படங்கள் அவர்களுடைய வீடுகளைச் சென்றடைந்தன. யுத்தகாலத் தணிக்கையின்படி கடிதங்களில் கப்பலின் பெயரையோ நிற்கும் இடத்தையோ எழுதுதல் தடுக்கப்பட்டிருந்தது. எனவே அக்காலப் படங்களில் இடப்பெயரும் மறைந்திருப்பது வியப்பன்று. முன்னர் மனிதரின் பெயர் இல்லை. இப்பொழுது ஊரின் பெயரும் இல்லை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துச் சென்றது. அப்படங்களும் கடல்கடந்த வீடுகளிலேயே தங்கின.

பயணிகளின் படங்கள் யாவும் பயனற்றவை என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். 1956 இல் மைக் வில்சன் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டு படமெடுத்தார். அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க் மறு ஆண்டு வெளியிட்ட நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊரவர் வழிவழியாகக் கூறிவந்த ஒன்றுக்குக் கண்கண்ட சான்று கிடைத்தது. அப்படங்களின் பெறுமதிக்குக் காரணம் யாது? எங்கே, எப்பொழுது, எவரால் எடுக்கப்பட்டன என்பது ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியிருந்தமையேயாகும்.

பின்னர் உல்லாசப் பயணத்துறை வளர்ந்தபோது நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளும் கன்னியா வெந்நீரூற்றுகளும் கோட்டை மான்களும் பயணிகளின் படங்களில் இடம்பெற்றன. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது கரைவலை இழுக்கும் காட்சி. இரு வரிசையாக நின்று கயிற்றை இழுக்கும் மனிதரின் உடலசைவு கண்ணுக்கு இனியதே. ஆயினும் வலையும் தோணியும் யாருக்குச் சொந்தம், பிடிபட்ட மீனில் உரிமையாளரின் பங்கு எவ்வளவு, இழுத்தவரின் பங்கு எவ்வளவு என்பன அப்படத்தில் தெரிவதில்லை. உழைப்பு அங்கே அழகாகிறது; உழைப்பின் உறவுகள் மறைகின்றன. இக்குறையைக் கமராவால் மட்டும் நீக்கவியலாது. படத்தோடு கேட்டறிந்த செய்தியும் சேரும்போதே அது நீங்கும்.

இனி ஊரவரின் படங்களை நோக்குவோம். திருகோணமலை, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் முதலிய இடங்களின் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களில் ஒளிப்படம் ஒரு சமூகத் தேவையாகவே புகுந்தது. கலியாணப் பேச்சுக்கு அனுப்பிய படம், ஸ்ரூடியோவில் எடுத்த குடும்பப் படம், சாமத்தியச் சடங்குப் படம், பள்ளிக்கூட வகுப்புப் படம் என அதன் வகைகள் பல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் உறவினர் அச்சிட்டு வழங்கும் 'கல்வெட்டு' என்னும் நினைவு வெளியீட்டிலே இறந்தவரின் படமும் வம்சாவழியும் ஒருங்கே இடம்பெறும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை, ஏழை உழைப்பாளி பலருக்கு வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படத்தைத் தந்தது. பலர் இறந்தபின் சுவரில் மாட்டப்படுவதும் அதே படத்தின் பெருப்பித்த பிரதியே.

கலைநயம் நோக்கின் இப்படங்கள் பெரும்பாலும் எளியவை. ஒரே திரைச்சீலை, ஒரே கதிரை, அசையாது நிற்கும் முகங்கள். ஆயினும் பயணியின் படத்தில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு. படத்தின் பின்புறத்தில் யார் யாருக்கு, எந்த ஆண்டில், எதன் பொருட்டு அனுப்பினார் என்பது எழுதப்பட்டிருக்கும். அனுப்புபவரும் பெறுபவரும் படத்திலுள்ளவரை அறிந்தவர்கள். பகிர்தல் என்பது இங்கே உறவைப் பேணும் செயல்.

இப்படங்களின் ஓரங்களிலும் வரலாறு உண்டு. கிண்ணியாவுக்குப் போவோர் முன்னர் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே நீரைக் கடந்தனர். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அந்தத் துறையடி வாழ்க்கை முடிவுற்றது. பாதைக்காகக் காத்திருக்கும் கூட்டம், சைக்கிள்கள், சந்தைக்குச் செல்லும் மூட்டைகள் ஆகியவற்றை உத்தியோக அறிக்கைகள் விவரிக்கப் போவதில்லை. உறவினரை வழியனுப்ப வந்த ஒருவர் எடுத்த படத்தின் பின்னணியிலேயே அவை எஞ்சியிருக்கக் கூடும்.

ஆனால் ஊரவரின் படங்களே பெரிதும் அழிந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தில் திருகோணமலை மாவட்டத்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடுவோர் உறுதிப்பத்திரத்தை எடுப்பர், பிறப்புச் சான்றிதழை எடுப்பர். படத் தொகுப்பை விட்டுச் செல்வர். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோர வீடுகளைக் கொண்டுபோனபோது அவற்றுடன் படங்களும் போயின. இறந்தவரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத குடும்பங்கள் உண்டாயின. விளைவு முரண்பாடானது: பெயரற்ற படங்கள் அந்நிய நாட்டு அரும்பொருட் காட்சியகங்களிலும் வீடுகளிலும் பத்திரமாக உள்ளன, பெயருள்ள படங்கள் ஊரில் அழிந்துவிட்டன.

பெயரும் நாளும் இடமும் கொண்ட படம் எத்தகைய வலுவுடையது என்பதைத் திருகோணமலையின் அண்மைக்கால நிகழ்ச்சியொன்று காட்டும். 2006 சனவரி 2 ஆந் திகதி நகரின் கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில், ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாமே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்பது படைத்தரப்பின் முதற் கூற்று. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அவர்களின் உடல்களைப் படமெடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை அப்படங்கள் தெளிவாகக் காட்டின, கூற்று நிலைகுலைந்தது. அதே மாதம் 24 ஆந் திகதி சுகிர்தராஜன் திருகோணமலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும் 2019 யூலையில் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, ஆயினும் அப்படங்கள் கூறியதை மறுப்பதற்கு இன்றுவரை எவரும் முன்வரவில்லை. ஊர்க் கடற்கரையின் உண்மையைப் படமாக்குதல் சிலருக்குப் பொழுதுபோக்கு. வேறு சிலருக்கு உயிரைக் கேட்கும் பணி.

இன்று கைத்தொலைபேசி யாவர் கையிலும் உண்டு. ஒரு நாளில் ஒருவர் எடுக்கும் படங்கள், அவருடைய பாட்டனார் வாழ்நாள் முழுதும் எடுப்பித்தவற்றிலும் அதிகம். ஆயினும் தொகை பெருகியதனால் சான்று பெருகிவிடவில்லை. கருவி தானாகப் பதியும் நாளும் இடமும், படம் கைமாறி வாட்ஸ்அப் வழியாகச் செல்லும்போது நீங்கிவிடுகின்றன. பெயரையோ கருவி எக்காலத்தும் பதிவதில்லை. பழைய தபாலட்டையின் குறை புதிய வடிவில் மீள்கிறது. இம்முறை அக்குறைக்கு நாமே பொறுப்பாளர்.

இந்நிலையில் செய்யக்கூடியவை உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர் தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோக்களின் படங்களை ஆயிரக்கணக்கில் தேடி எண்ணிமப்படுத்தியுள்ளனர். 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களோடு நினைவு வெளியீடுகளையும் ஆவணப்படுத்தி வருகின்றது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலும் இத்தகைய முயற்சி வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தத்தம் வீட்டுப் படங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். படத்தைப் பிரதி செய்துகொண்டு மூலத்தை உரியவரிடமே விட்டுவிடுதல் வேண்டும். படத்திலுள்ளவர் பெயர், உறவு, தொழில், இடம், ஆண்டு, எடுத்தவர், பின்புறத்து எழுத்து ஆகிய ஏழையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். உரியவரின் சம்மதமின்றி எதனையும் வெளியிடலாகாது. பகிரங்கமானால் ஆபத்து விளையக்கூடிய படங்களும் இம்மண்ணில் உண்டு. புலம்பெயர்ந்த உறவினருக்குக் கடிதங்களோடு சென்ற பிரதிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் எஞ்சியிருத்தல் கூடும். ஊரில் அழிந்ததை அங்கிருந்து மீட்கலாம்.

காகிதத்தின் ஆயுளைக் காட்டிலும் அதிலுள்ள முகங்களை இனங்காணக் கூடியோரின் ஆயுள் குறைவு. எழுபது, எண்பது வயதைக் கடந்த ஒருவர் மறையும்போது நூறு படங்கள் ஒரே நாளில் பெயரிழக்கின்றன. ஆதலால் இப்பணியின் முதற்படி, வீட்டிலுள்ள முதியவரிடம் படத்தைக் கொடுத்து 'இவர் யார்?' என்று கேட்பதும், அவர் கூறும் பெயரைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பதுமேயாகும்.