ஒரு குழாய், இரண்டு குடம்

2001-ஆம் ஆண்டில் செம்பூரில் எங்கள் வீட்டில் டெலிபோன் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு. இரண்டுமே பழசு. ஒன்று நான் கணக்கு எழுத வாங்கியது. மற்றது ஆபீஸில் கழித்துப் போட்டதை மகளுக்காக எடுத்து வந்தது. இண்டர்நெட் வேண்டுமென்றால் டெலிபோன் ஒயரை ஒன்றிலிருந்து பிடுங்கி மற்றொன்றில் செருக வேண்டும். அதுவரை போன் எங்கேஜ்டுதான்.

ஒரு நாள் இரவு நானும் அவளும் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தபோது மணி பதினொன்று. ஒயரைப் போனில் மாட்டியதும் மணி அடித்தது. திருநெல்வேலியிலிருந்து தம்பி.

"அண்ணே, எட்டரை மணியிலேருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன். அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்."

அம்மா பிழைத்துவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே லாமிங்டன் ரோடு போனேன். இரண்டு நெட்வொர்க் கார்டுகளும், கிராஸ்ஓவர் கேபிள் ஒன்றும் வாங்கினேன். இந்தக் கேபிளின் ஒரு முனையில் 1-க்கு 3, 2-க்கு 6 என்று கம்பிகள் மாறியிருக்கும். இது பேசுவது அதன் காதில் விழ வேண்டுமல்லவா! 1999-இல் வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் இணைப்பைப் பகிரும் வசதி உள்ளேயே இருந்தது. மோடம் உள்ள என் கம்ப்யூட்டர் 192.168.0.1 என்ற எண்ணை எடுத்துக்கொண்டது. மகளுடையதற்கு அதுவே ஓர் எண் கொடுத்தது. வெளியுலகுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மோடத்தின் உச்ச வேகமே 56 கிலோபிட். அதைப் பங்கு போட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். ஆனால் நான் கடிதம் படிக்கும் நேரத்தில் லைன் சும்மாதானே இருக்கிறது? அந்த இடைவெளியில் அவள் வேலை நடந்தது.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். என் வேலை முடிந்ததென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். உள்ளறையிலிருந்து குரல்: "அப்பா, குழாயையே மூடிட்டீங்களே!" பாதி நிரப்பிய கல்லூரி விண்ணப்பம் போயிற்று. அன்று முதல் ஒரு சட்டம்: எட்டு முதல் ஒன்பது வரை இருவரும் சேர்ந்து, ஒன்பதுக்குப் பிறகு லைன் ஊருக்கு.

இன்று அந்த வேலையை ஒரு ரௌட்டர் பார்த்துக்கொள்கிறது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அன்பர்கள் சாதாரண நெட்வொர்க் கேபிளால் அதை ரௌட்டரில் இணைக்கலாம். ஆனால் விண்டோஸ் 98-க்கு 2006-லேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அப்படிப்பட்டதை இண்டர்நெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாங்க் வேலை கூடவே கூடாது.

இப்போது லைன் எங்கேஜ்டு ஆவதில்லை. நாம்தான் போனை சைலன்ட்டில் போட்டுவிடுகிறோம். ஊரிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமாவது மணி அடிக்கட்டும்.