நவராத்திரி மண்டபத்தில் ஒரு பேராசிரியை

தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் பாறசாலை பொன்னம்மாள். திருவனந்தபுரத்தின் மிகப் பழைய மேடையில் அவரே ஏறுவதற்கு 81 வயதாயிற்று.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி புறப்படுகிறாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். யானை மேல் சரஸ்வதி, கூடவே வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். களியக்காவிளையில் தமிழ்நாட்டு போலீஸ் விடைகொடுக்க, கேரள போலீஸ் மரியாதையுடன் எதிர்கொள்கிறது. அடுத்து வருகிற ஊர் பாறசாலை. பிறகு நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கல். அங்கிருந்து கிளம்பினால் திருவனந்தபுரம் கோட்டை.

கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி இருக்கிறது நவராத்திரி மண்டபம். சரஸ்வதியின் முன்னிலையில் அங்கே ஒன்பது மாலைகள் கச்சேரி. சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய ஒன்பது கிருதிகள், நாளுக்கு ஒன்றாக, முறை மாறாமல் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, கடைசி நாள் ஆரபி. எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். கைதட்டல் கிடையாது. இவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது. பெண்கள் பாடக் கூடாது. கல்விக்கும் கலைக்கும் அதிபதியான பெண் தெய்வத்தின் எதிரில் பெண் குரலுக்கு இடமில்லை. 2006 வரை இதுதான் நிலைமை.

அந்த விதி தளர்ந்தபோது முதலில் பாடியவர், சரஸ்வதி ஊர்வலம் கடந்துபோகும் அதே பாறசாலையில் 1924-ல் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். தந்தை மகாதேவ ஐயர் பள்ளித் தலைமையாசிரியர். சிறு வயதிலேயே சங்கீதப் பயிற்சி தொடங்கியது. 15 வயதில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளையொட்டி நடந்த போட்டியில் முதல் பரிசு.

1939-ல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சங்கீத அகாதெமி தொடங்கப்பட்டது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் முதல்வர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அங்கே சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். 'கானபூஷணம்' படிப்பை முதல் ரேங்க்கில் முடித்தார். 18 வயதில் திருவனந்தபுரம் காட்டன் ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. பிறகு, தான் படித்த அகாதெமிக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கே பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். பின்னாளில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரிக்குப் போனபோது, அதன் முதல் பெண் முதல்வர்.

எங்கே போனாலும் 'முதல் பெண்'. கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாமே வகுப்பறை சம்பந்தப்பட்டவை. அதே காலகட்டத்தில் சென்னையில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி.கே. பட்டம்மாளும் எம்.எல். வசந்தகுமாரியும் கச்சேரி மேடையைத் தங்கள் வசப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ்.ஸுக்கு 1968-ல் சங்கீத கலாநிதி, பட்டம்மாளுக்கு 1970-ல், வசந்தகுமாரிக்கு 1977-ல். சபாக்களும் கிராமபோன் கம்பெனிகளும் சினிமாவும் இருந்த ஊர் சென்னை. பொன்னம்மாளுக்கு வாய்த்தது அரசாங்கச் சம்பளம், ஹாஜர் பட்டியல், பரீட்சை. கச்சேரிகள் செய்தார்; ஆனால் பெயர் தெற்குக் கேரளத்துக்கு வெளியே அதிகம் பரவவில்லை.

பரவியது மாணவர்கள் மூலம். எல்லையோரத்துக்காரரான நெய்யாற்றின்கரை வாசுதேவன் அவரிடம் பயின்றவர். ரஜினியின் 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தின் பாடல்களுக்கு இசையமைத்த எம்.ஜி. ராதாகிருஷ்ணனும் அவர் மாணவர்தான். ராதாகிருஷ்ணனின் தங்கை ஓமனக்குட்டியும் அப்படியே. அவரும் சங்கீதப் பேராசிரியையானார். முரண் இங்கேதான் இருக்கிறது. பொன்னம்மாளிடம் பாடம் கேட்ட ஒரு பையன் தேர்ச்சி பெற்றால் நவராத்திரி மண்டபத்தில் பாடலாம். சொல்லிக்கொடுத்தவர் பாட முடியாது.

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலை எல்லை ஊராயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் பொறுப்பில். வரைபடம் இப்படிச் சிக்கலானாலும் சங்கீதம் தன் வழியில் போனது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பாட்டில் சமஸ்கிருதமும் தெலுங்கும். பொன்னம்மாள் போன்ற எல்லையோரத் தமிழர்களுக்கு இது அன்றாட வாழ்க்கை. ஊர்ப் பெயரைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் வித்வான்களின் வழக்கப்படி, அந்தச் சிற்றூரைச் சங்கீத உலகத்துக்குத் தெரியப்படுத்தியவர் அவர்.

2006-ல் கதவு திறந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் தானே பாடகருமான அஸ்வதித் திருநாள் ராமவர்மா இதற்கு முனைந்தார். யாரை முதலில் பாடவைப்பது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை சாமர்த்தியமானது. சம்பிரதாயத்தை மீறுகிறார் என்று எவராலும் குறை சொல்ல முடியாத ஒருவர் வேண்டும். சுவாதித் திருநாள் பெயரில் அமைந்த கல்விக்கூடத்தில் படித்து, அங்கேயே கற்பித்து, அவசரமில்லாத பழைய பாணியைக் கட்டிக்காத்த 81 வயது மூதாட்டியைவிட யார் பொருத்தம்? விதியைத் தளர்த்தியவர் அந்தச் சம்பிரதாயத்தின் மிக விசுவாசமான மாணவி.

புகழ் அதற்குப் பிறகுதான் வேகமாக வந்தது. புதிய தலைமுறை அவரைத் தேடிப்பிடித்துக் கேட்டது. 2017-ல், 92-வது வயதில் பத்மஸ்ரீ. 2021 ஜூன் 22 அன்று, 96-வது வயதில் திருவனந்தபுரத்தில் மறைந்தார். நவராத்திரி மண்டபத்தில் அவருக்குப் பின் வேறு பெண்களும் பாடியிருக்கிறார்கள்.

சாதனைக் கதையாக இதை முடித்துவிடலாம். ஆனால் கானபூஷணம் பட்டத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. முதுமையில் அவர் பாடிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. நடுக்கத்துக்கு நடுவிலும் சுருதி விலகாத குரல். இருபது வயதில் அதே குரல் சரஸ்வதியின் முன்னால் எப்படி ஒலித்திருக்கும் என்பதை, அந்தப் பதிவுகளைக் கேட்கிறவர்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.