பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும்

அந்தத் தாய் மன்னார்க் கரையிலிருந்து 1990இல் படகேறி இராமேஸ்வரம் போனபோது சிறுமி. மண்டபம் முகாமில் தொடங்கிய அகதி வாழ்வு அங்கேயே நீண்டது. முகாமிலேயே திருமணம் முடித்து, அங்கேயே இரண்டு பிள்ளைகளையும் பெற்றார். யுத்தம் 2009இல் முடிந்தபின் குடும்பமாக ஊர் திரும்பினார். மூத்த மகளுக்கு அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. "அம்மா, பிள்ளையின்ர பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்க?"

"நாங்கள் ரெண்டு பேரும் இலங்கைதானே, பிள்ளை மட்டும் வேற நாடா?" என்று அவர் திகைத்துப் போனார். முகாம்களிலிருந்து திரும்பிய தாய்மார் பலரின் கேள்வியும் இதுவே.

பதிவு ஏன் அவசியம்?

1987 யூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் இந்தியாவில் பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் இந்தியப் பிரஜையாவதில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை வம்சாவளிப் பிரஜையாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாத பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இடையில் நிற்கும்.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவதே முறை. பிந்திவிட்டது என்று மனம் தளர வேண்டாம். அனுமதி பெற்றுப் பிந்திப் பதியவும் சட்டத்தில் இடமுண்டு. இந்தியாவில் இருப்பவர்கள் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் பதியலாம். புறப்படுமுன் அங்கேயே முடித்துக்கொண்டு வருவது பின்னைய அலைச்சலைக் குறைக்கும். ஊர் திரும்பியவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவை நாட வேண்டும்.

முன்பு தகப்பனின் பிரஜாவுரிமையே கணக்கில் எடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் தாய்க்கும் அந்த உரிமையைத் தந்தது. கணவனை இழந்த, கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகள் இதை மறந்துவிடக் கூடாது. எனினும் பிள்ளை அதற்கு முன்னர் பிறந்திருந்தால், தகப்பனின் பத்திரங்களையும் இயன்றவரை தேடி எடுத்துச் செல்லுங்கள்.

கோவையில் என்னென்ன இருக்க வேண்டும்?

• பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ்
• தாய், தகப்பனின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள்
• விவாக அத்தாட்சிப் பத்திரம்
• பெற்றோரின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு அல்லது பயணப் பத்திரம்
• முகாம் அடையாள அட்டை, ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஊடாகத் திரும்பியதற்கான கடிதம்
• கிராம அலுவலரின் வதிவிடச் சான்று

உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பிறப்பு ஒருபோதும் பதியப்படாதிருந்தால், காலங்கடந்த பதிவு பற்றி அங்குள்ள பதிவாளரிடம் விசாரியுங்கள். கணவர் காணாமற்போயிருந்தால், 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணக் கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட வேண்டியதில்லை.

மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பின் இந்தியா போன குடும்பங்களுக்கு வேறு வழியும் உண்டு. 1964 ஒக்ரோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. யுத்தத்தால் இந்தியா போனவர்களுக்காக 2009இல் அது திருத்தப்பட்டது. தோட்டத்துப் பழைய பத்திரம் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

பெயர்தான் பெரிய சிக்கல்

நாம் மேலே சொன்ன தாயைத் தடுத்ததும் பெயர்தான். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வீட்டுப் பெயரைச் சொல்லியிருந்தார். இந்தியச் சான்றிதழில் அதுவே தாயின் பெயராகப் பதியப்பட்டுவிட்டது. இலங்கைப் பத்திரத்திலோ முழுப் பெயர். இரண்டும் ஒருவரே என்று எப்படி நம்புவது?

பயணத்துக்கு முன் எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மறைக்க வேண்டாம். இரண்டு பெயரும் தன்னுடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தையும் இணையுங்கள். பத்திரத்தில் நீங்களே பேனையால் திருத்தவே கூடாது.

அலுவலர் கேட்கும்போது

எந்த ஊர், எந்த ஆண்டு போனீர்கள், எந்த முகாம், எப்போது திரும்பினீர்கள் என்று கேட்கக்கூடும். ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்னது பத்திரத்தோடு முரண்பட்டால் சந்தேகம் வரும். சிங்களம் தெரியாவிட்டால் தமிழில் பேசுங்கள். தமிழும் அரசகரும மொழி.

மூலப் பத்திரங்களோடு இரண்டு தொகுதி போட்டோ கொப்பியும் கொண்டு போங்கள். எதைக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டும் கோவை இலக்கமும் கேட்டு வாங்குங்கள். "நான் எடுத்துத் தாறன்" என்று வாசலில் நிற்பவரிடம் பத்திரத்தையோ காசையோ கொடுக்க வேண்டாம். பொய்ப் பத்திரம் பிள்ளையையே குற்றவாளியாக்கும்.

அந்தத் தாய் மூன்று தடவை பத்தரமுல்லைக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் கூலி வேலை ஒரு நாள் போனது, பஸ் காசும் போனது. மூன்றாம் முறை சத்தியக் கடதாசியோடு போனார். பிறகு சான்றிதழ் வந்தது. இன்று மகளின் கையில் அடையாள அட்டை இருக்கிறது. இளைய மகனின் பத்திரங்களும் அதே பொலித்தீன் பைக்குள் தயாராக இருக்கின்றன.

சகோதரிகளே, போர் எங்களிடமிருந்து வீட்டையும் நிலத்தையும் பறித்தது. பிள்ளையின் நாட்டை எங்கள் கவலையீனம் பறிக்க விடலாமா? இன்றே பெட்டியைத் திறந்து பத்திரங்களை எண்ணிப் பாருங்கள்.