ஸ்பிரிட் விளக்கின் காலி வயிறு

நுவரெலியாவுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நமக்கு ஒரு வினா அனுப்பியிருக்கிறார். தம் ஆய்வுகூடத்தில் எரிவாயு இல்லையென்றும், பன்சன் சுடரடுப்பைப் பிள்ளைகள் பாடநூலின் படத்தில் மட்டுமே தரிசித்திருக்கிறார்களென்றும், சூடாக்கும் காரியம் யாவும் ஸ்பிரிட் விளக்கைக் கொண்டே நடைபெறுகிறதென்றும் விவரித்துவிட்டு, "பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாத இந்தக் குளிரில் ஸ்பிரிட் எங்கே ஆவியாகப் போகிறது? அந்த எச்சரிக்கைகள் எல்லாம் கொழும்பின் வெக்கைக்காக எழுதப்பட்டவை அல்லவா?" என்று கேட்கிறார். நியாயமான சந்தேகந்தான். ஆயினும் விடை அவர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது.

எரிவது ஆவியே என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். சுவாரசியம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. எதனோலின் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.3 பங்குக்குக் குறைந்திருந்தால் தீக்குச்சியை நீட்டினாலும் பற்றாது. 19 பங்கைத் தாண்டிவிட்டால், எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் போதாமல், அப்போதும் பற்றாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதே அபாயப் பிரதேசம், அதற்குள்ளும் 6.5 பங்கை ஒட்டிய இடத்தில், எரிபொருளும் ஒட்சிசனும் மீதமின்றி ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் பொருத்தம் அமைந்துவிடுவதால், எரிதல் மிக உக்கிரமாகிறது.

மலையகத்து வாசகர்களுக்கு இதைப் பிளேன்டீயைக் கொண்டு விளக்கலாம். ஆறிப்போன தண்ணீரில் தூளைப் போட்டால் சாயம் இறங்காது. மண்ணெண்ணெய் அப்படிப்பட்டது, ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினாலன்றி அதன் மேற்பரப்பில் பற்றத்தக்க அளவு ஆவி சேராது. கொதிநீரில் கைகொள்ளாத் தூளை அள்ளிக் கொட்டினால் வாயில் வைக்க முடியாத கசப்பு. மூடிய தாங்கியிலுள்ள பெற்றோல் இந்த ஜாதி, அங்கே ஆவி மிகுந்து காற்றுக்கு இடமில்லாமற் போய்விடுகிறது. ஸ்பிரிட்டோ, சாதாரண அறை வெப்பநிலையில், தேயிலை ருசிபார்ப்பவர் உறிஞ்சித் துப்பித் தலையசைக்கும் அந்தப் பதத்தில் தானாகவே வந்து நிற்கிறது. உவமையை இன்னும் சற்று இழுத்தால், பால் எது, சீனி எது, உடைந்த கோப்பை எது என்றெல்லாம் சொல்ல வேண்டிவரும். முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு, தேநீரின் பதத்தை நிறம் காட்டிக் கொடுக்கும், ஆவிக்கு நிறமே இல்லை.

இனி மலைக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கொழும்பிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆனால் எதனோலின் ஆவியமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே; மேலே காற்று அடர்த்தியா ஐதா என்பதை அது சட்டை செய்வதில்லை. ஆகவே விளக்கின் வயிற்றில் ஸ்பிரிட்டுக்கு மேலுள்ள வெற்றிடத்தில் காற்று குறைந்திருக்க, ஆவி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாமல் அமர்ந்திருக்கிறது. தூய எதனோல் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: கொழும்பின் 30 பாகையில் அந்த வெற்றிடத்தில் ஆவி நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு, நுவரெலியாவின் 18 பாகையில் ஏறத்தாழ 6.4 பங்கு. உக்கிரத்தின் உச்சமென்று மேலே சொன்ன 6.5-ஐ மறுபடியும் பாருங்கள்! கொழும்பு விளக்கினுள் கலவை சற்று மிஞ்சிப்போயிருக்க, பனிமூட்டத்துக்கு நடுவே மேசைமேல் சாதுவாக நிற்கும் மலைநாட்டு விளக்கினுள் அது ஏறக்குறையக் கச்சிதமாகக் கலந்திருக்கிறது. கடல்மட்டத்தில் 13 பாகையளவிலுள்ள எதனோலின் தீப்பற்றுநிலை, இதே காரணத்தால், இவ்வுயரத்தில் சில பாகைகள் கீழிறங்கிவிடுகிறது. காலைக் குளிரும் நம்பத்தக்க காவலன் அல்ல. கடையில் வாங்கும் ஸ்பிரிட்டில் நீரும் மெதனோலும் கலந்திருப்பதால் இலக்கங்கள் சிறிது முன்பின்னாகும், முடிவு மாறாது.

அப்படியானால் எரியும் ஒவ்வொரு விளக்கும் வெடிக்காதிருப்பது எப்படி? திரிக்கும் அதைத் தாங்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில்தான் இரகசியம் இருக்கிறது. சுவாலை தனக்கு முன்னாலுள்ள ஆவியைத் தன் வெப்பத்தாலேயே மூட்டிக்கொண்டு முன்னேறுவது. இடுக்கு ஓரிரு மில்லிமீற்றருக்குச் சுருங்கும்போது, அந்த வெப்பத்தைச் சுவர்கள் இருபுறமும் உறிஞ்சிவிட, உள்ளே நுழைய முயலும் தீ வழியிலேயே குளிர்ந்து மடிகிறது. திரி கருகி மெலிந்தாலோ, குழாய் விரிசல் கண்டாலோ, அந்த இடுக்கு வாசலாகிவிடுகிறது. வாயால் ஊதி அணைப்பதும் இவ்வாறே; ஊதும் மூச்சு சுவாலையை இடுக்கின் வழியே உள்ளே தள்ளக்கூடும். மூடியால் கவிழ்த்து அணைக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

சரித்திரம் கேட்போருக்காக ஒரு பந்தி, அதற்கு மேல் இல்லை. இதே தத்துவத்தைக் கம்பிவலையில் அமைத்து, சுரங்கத் தொழிலாளருக்கான விளக்கொன்றை ஹம்பிரி டேவி 1815-ல் உருவாக்கினார். சுடரடுப்புக்குப் பெயர் கொடுத்த பன்சன், ஆய்வுகூட வெடிப்பொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறுக்கும் மாணவனிடம் சொல்லத்தக்க செய்தி அது ஒன்றுதான்.

நம் நாட்டுச் செய்தி இதைவிட உபயோகமானது. மின்சாரம் எட்டாத லயன் காம்பராக்களிலும் கிராமத்துக் குடிசைகளிலும் எரிந்த மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு கவிழ்ந்து தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மருந்திட்டுக் கட்டியதோடு தம் கடமை தீர்ந்ததெனக் கருதாமல், அந்தக் குப்பியையே திருத்த முற்பட்டார். குட்டையாகவும் கனமாகவும் அமைந்து எளிதில் கவிழாததும், கவிழ்ந்தாலும் இரு பக்கங்கள் தட்டையாக இருப்பதால் உருளாததும், திருகு மூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாததுமான ஒரு விளக்கை வடிவமைத்தார். 1998-ல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடிவந்தது. ஆனால் மண்ணெண்ணெயின் அபாயம் கவிழ்வதில் இருக்க, ஸ்பிரிட்டின் அபாயம் நிமிர்ந்து நிற்கையிலேயே அதன் வயிற்றில் இருக்கிறது. குப்பிவிளக்கு எரிய எரியவே எண்ணெய் வார்த்துப் பழகிய வீட்டுப் பிள்ளை, அதே துணிச்சலுடன் எரியும் ஸ்பிரிட் விளக்கில் போத்தலைச் சாய்க்கும்போது, தீ போத்தலுக்குள் புகுந்து, உள்ளிருக்கும் ஆவி வெடித்தெழுந்து, எரியும் திரவத்தைத் துப்பாக்கி போல் எதிரே நிற்பவர்மேல் உமிழ்கிறது. 2014 ஜனவரியில் நியூயோர்க் நகரத்து உயர்நிலைப் பள்ளியொன்றில், வண்ணச் சுவாலைகளைக் காட்டுவதற்காகப் பெரிய போத்தலிலிருந்து மெதனோலை ஊற்றியபோது நடந்தது இதுவே. மாணவன் ஒருவன் கடுமையாகக் கருகினான். அங்கே எரிவாயுவுக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை.

ஆகையால், ஆய்வுகூடத் திறப்புவிழாக்களில் நாடா வெட்டப்படுவதையும், திரையில் விரலால் தொட்டுப் பரிசோதனை செய்யும் 'ஸ்மார்ட்' சாதனங்கள் சகல அபாயத்தையும் ஒழித்துவிடுமென்று பிரசங்கம் நிகழ்வதையும் காணும்போது நமக்கு உற்சாகம் பிறப்பதில்லை. திரையில் எரியும் விளக்கின் திரி ஒருநாளும் மெலிவதில்லை. மெலிந்த திரியைக் கண்டுகொள்ளும் கண்ணை அது எவ்வாறு பயிற்றும்?

ஆசிரியைக்கு நாம் கூறக்கூடியது சொற்பமே. விளக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்பிரிட் இருக்கட்டும். காற்பங்குக்குக் கீழே வற்ற விடாதீர்கள், வெற்றிடம் பெருகினால் வெடிக்கும் கலவையும் பெருகும். ஊற்றுவதை, விளக்கு அணைந்து கண்ணாடி கைக்குக் குளிர்ந்த பின்னர், புனல் வைத்து, வேறொரு மேசையில் செய்யுங்கள். ஊற்றிய போத்தல் அலுமாரிக்குள் பூட்டப்பட்ட பிறகே தீக்குச்சி வெளியே வரட்டும். வெயில் விழும் யன்னலோரத்தில் ஸ்பிரிட் சுவாலை கண்ணுக்கே தெரியாது என்பதால் விளக்கை அங்கே வைக்க வேண்டாம். மேசையில் தீ பரவினால் ஈரச் சாக்கு போதும். ஸ்பிரிட் நீரோடு கலக்கும் சுபாவமுடையதாதலால், எண்ணெய்த் தீக்கு ஆகாத தண்ணீர் இதற்கு ஆகும். திரி குழாயில் இறுக்கமாக நிற்கிறதா என்பதை, வகுப்பு தொடங்குமுன், மாணவர் ஒருவரையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள்.