அட்டவணையில் ஒரு பூனைக்கும் இடம்

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே களேபரம். நேற்றுவரை முதலிடத்தில் இருந்த நண்பர் ஒரே நாளில் கடைசிக்குப் போய்விட்டார். அவர் எடுத்த ஐந்து பங்குகளில் ஒன்று பாதி விலையில், சிவப்புக் கட்டத்தில் கிடந்தது. "கம்பெனி திவாலாடா?" என்றார் பதறிப்போய்.

திவாலெல்லாம் இல்லை, ஒன்றுக்கு ஒன்று போனஸ். பங்கு இரண்டாகும், விலை பாதியாகும், மொத்த மதிப்பு மாறாது. கூகுள் ஷீட் விலையைத் தானாக எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கையை நாம்தான் திருத்த வேண்டும். திருத்தினோம். நண்பர் மறுபடி முதலிடம்.

எட்டுப் பேர், ஆளுக்குக் கற்பனையாக 1 லட்சம் ரூபாய், ஐந்து பங்கு, ஓராண்டு. இதுதான் எங்கள் ஆட்டம். பந்தயப் பணம் கிடையாது. பங்கு விலையை வைத்து நடத்தப்படும் மெய்நிகர் வர்த்தக விளையாட்டுகள் பற்றி 2024 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எச்சரித்திருப்பதால், இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறோம்.

ஆனால், யார் கெட்டிக்காரர் என்பதை அளப்பது லேசில்லை. கண்ணைக் கட்டிய குரங்கு அம்பெறிந்து பங்குகளைத் தேர்ந்தெடுத்தாலும் நிபுணருக்குச் சளைக்காது என்று 1973-இல் எழுதினார் அமெரிக்கப் பொருளியலாளர் பர்ட்டன் மால்கியேல். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1988-இல் அதையே போட்டியாக்கியது. குரங்குக்குப் பதில் பத்திரிகை ஊழியர்கள் அம்பெறிந்தார்கள். நூறு போட்டிகள் முடிந்தபோது நிபுணர்கள் 61 முறை அம்பை வென்றிருந்தார்கள். ஆஹா என்கிறீர்களா? டவ் ஜோன்ஸ் குறியீட்டை அவர்கள் முந்தியது 51 முறைதான். காசைச் சுண்டிப் பார்த்த கணக்கு! போதாக்குறைக்கு, டிவிடெண்ட் கணக்கில் சேரவில்லை. நிபுணர் சொன்ன பங்கைப் பத்திரிகையில் பார்த்து வாசகர்கள் வாங்கியதாலும் விலை ஏறியது.

2012-இல் லண்டனின் 'அப்சர்வர்' இதழ் ஆர்லாண்டோ என்ற பூனையைக் களமிறக்கியது. எண்கள் எழுதிய கட்டங்களில் அது பொம்மை எலியைத் தட்டிவிடும். எலி விழுந்த எண்ணுக்குரிய பங்கு அதனுடையது. 5,000 பவுண்டில் தொடங்கி, ஆண்டு முடிவில் பூனையிடம் 5,542, நிபுணர்களிடம் 5,176.

இதையெல்லாம் படித்தபிறகு எங்கள் அட்டவணையில் இரண்டு வரிசை கூடியது. ஒன்பதாவது, நிஃப்டி 50 குறியீடு. பத்தாவது, ஒரு நண்பரின் மகள் சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பங்குகள்; அதற்குப் பெயர் 'பூனை'. டிவிடெண்டுக்குத் தனிக் கட்டம். கூடவே 'ஏன் வாங்கினேன்?' என்றொரு கட்டமும். முதல் நாளே நிரப்ப வேண்டும், பிறகு கைவைக்கக் கூடாது. விலை ஏறியபின் எல்லோருக்கும் நல்ல காரணம் கிடைத்துவிடும் அல்லவா?

இந்த வாரமும் போனஸ் நண்பர்தான் முதலிடம். நிஃப்டி நாலாவது, பூனை ஆறாவது. "ஆராய்ச்சி பண்ணாம ஜெயிக்க முடியாதுப்பா" என்று குழுவில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய காரணக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன்.

'மச்சான் சொன்னான்.'