புரோபயாட்டிக் மருந்தை நமத்துப்போக விடாதீர்கள்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பல வீடுகளில் மருந்தை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. ஊரே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கையில் தனியாக எதற்கு என்று கேட்பார்கள். பல மாத்திரைகளுக்கு அது சரிதான். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து மருத்துவர் எழுதித்தரும் புரோபயாட்டிக் கேப்சூலுக்கு அது போதாது. அதற்குள் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். அவை உயிரோடு குடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பலன். நம் மலையில் அவற்றுக்கு எமன் வெயிலைவிட ஈரம்தான்.

உலர்ந்து உறங்கும் உயிர்

லாக்டோபேசிலஸ் போன்ற பாக்டீரியாக்களை உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை ஆவியாக்கி உலர்த்துகிறார்கள். பால்புரதம், ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை ஆகியவற்றைத் துணைக்குச் சேர்ப்பதுண்டு. அந்தச் சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிச் செல்லைத் தாங்கிக்கொள்ள, உள்ளே இயக்கம் ஏறக்குறைய நின்றுபோகிறது. ஈரம் புகுந்தால் அந்த இறுக்கம் தளரும். பாக்டீரியா அரைகுறையாக விழிக்கும். உணவோ வளர இடமோ இருக்காது. கூடவே ஆக்சிஜன் நுழைந்து அதன் சவ்விலுள்ள கொழுப்பைக் கெடுக்கும். சில வாரங்களிலேயே எண்ணிக்கை சரிந்துவிடக்கூடும்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் இதே வகைதான். சென்னை கிண்டியில் 1948-இல் அதற்கென ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்று பி.சி.ஜி. குப்பியில் இருப்பது உலர்த்திய உயிருள்ள பாக்டீரியா. குப்பி உறைந்தாலும் அது கெடுவதில்லை. ஆனால் நீர்மம் சேர்த்துக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் (1907) தயாரித்த முத்தடுப்பூசியோ இதற்கு நேர் எதிர். அது உறைந்தால் வீணாகிவிடும். குளிர் எல்லா மருந்துக்கும் காவல் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டு உறைகள், இரண்டு வேலைகள்

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் சின்னஞ்சிறு மணிகள் உருவாகும். இரைப்பை அமிலத்தைத் தாண்டிச் செல்ல இந்த உறை உதவும். ஆனால் ஆல்ஜினேட் தானே நீரை விரும்பும் பொருள். அமிலத்தைத் தடுப்பது ஈரத்தையும் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வெளிக்கூட்டிலும் கவனம் வேண்டும். ஜெலட்டின் கேப்சூலின் எடையில் 13 முதல் 16 சதவீதம் நீர்தான். அது மெல்ல உள்ளிருக்கும் தூளுக்கு நகரும். தாவர செல்லுலோஸால் ஆன கூட்டில் நீர் இதைவிட மிகக் குறைவு. தேர்வு நம் கையில் இருந்தால் அதையே எடுக்கலாம்.

ஆக, ஈரத்தைத் தடுக்கும் பொறுப்பு முழுக்கப் பொட்டலத்தின் மேல் விழுகிறது. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரையரில் மூன்று சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த தூளை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கேப்சூலுக்கும் இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ள பட்டைதான் நல்லது. புட்டியில் வந்தால் சிலிக்கா ஜெல் பை உள்ளே இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

நமக்கு வரும் மருந்து சமவெளியின் வெயிலைக் கடந்தே வருகிறது. சூடான வண்டியில் கிடந்த கேப்சூல் இங்கு வரும்போதே பாதி இழந்திருக்கலாம்; அதைக் குன்னூர்க் குளிர் மீட்டுத்தராது. இன்னொன்றும் உண்டு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருவது அதனால்தான். ஒட்டு சரியில்லாத மருந்துப் பட்டைக்கும் அந்த அழுத்தம் சோதனையே. வாங்கும்போது பட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் பிரிந்திருந்தால் வேண்டாம்.

வீட்டில் எப்படி வைப்பது

கேப்சூலைப் பட்டையிலிருந்து பிரித்து வார மாத்திரை டப்பியில் போடாதீர்கள். ஆடி, ஐப்பசி மழையில் இங்கே துணியே காய்வதில்லை. அந்தக் காற்றில் திறந்த கேப்சூல் என்ன ஆகும்? சிலிக்கா பையைக் குப்பையில் போட வேண்டாம். அடுப்பு மேடை, கீசர் உள்ள குளியலறை இரண்டும் ஆகாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால், வெளியே எடுத்த புட்டியின் குளிர் தணிந்த பிறகே மூடியைத் திறங்கள். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே முத்துமுத்தாகப் படியும். தூளைச் சூடான டீயிலோ பாலிலோ கலக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக்குக்கும் இதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அட்டையில் படிக்க வேண்டியது

ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகள் கூறின. தயாரித்த அன்று எவ்வளவு என்பதைவிடக் காலாவதி நாள்வரை எவ்வளவு என்பதே நமக்கு முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காலாவதியின்போது உள்ள எண்ணிக்கையையும் சேமிக்கும் முறையையும் அட்டையில் குறிப்பிடச் சொல்கிறது. மலைக்கு இன்னொரு நல்ல வழி, பேசிலஸ் கிளாசி, பேசிலஸ் கோயாகுலன்ஸ் போன்ற வித்து வகைகள். அவை இயல்பாகவே கெட்டியான உறைக்குள் இருப்பதால் ஈரத்தையும் சூட்டையும் நன்கு தாங்கும். உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும்தான். புரோபயாட்டிக் அவற்றுக்கு மாற்று ஆகாது. குறைமாதக் குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சையாலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் எந்தப் புரோபயாட்டிக்கும் கொடுக்கக் கூடாது. உயிருள்ள பாக்டீரியா அவர்களுடைய இரத்தத்தில் கலந்து தொற்றாக மாறக்கூடும்.